ஆன்ட்டியின் முளைப்பயறு

எங்கள் ஹாஸ்டலில் இருந்த பதினான்கு பெண்களும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும், எழுதப் பிடிக்கவில்லை. இதைப் படிக்கிற யாராவது அவரைத் தேடிப்போய் நலம் விசாரித்துவிடக் கூடாது.

செகந்திராபாத் பக்கம் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மூன்று தளங்கள் கொண்ட வீடு அவருடையது. கீழே அவரும் கணவரும். மேலே இரண்டு தளங்களிலும் நாங்கள், பெரும்பாலும் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போய்வந்த தமிழ்ப் பெண்கள். நான் சாத்தூரிலிருந்து போயிருந்தேன். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் இருக்கும். அம்மாதான் கொண்டுவந்து விட்டார். சூட்கேசைக் கீழே வைப்பதற்குள் ஆன்ட்டி என் முகத்தைப் பிடித்து, கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையே. வீட்ல என்னத்தப் போட்டு வளர்த்தீங்க?"

அம்மா சூட்கேசை மெல்லக் கீழே வைத்தார். அன்று மாலை ரயிலேறும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முருங்கைக்கீரை ஆஞ்சு ஆஞ்சுதான குடுத்தேன் ஒனக்கு?" என்று கேட்டார். ரயில் நகர்ந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டு போயிருப்பார். அந்த முகத்துக்காகவே முதல் நாளில் எனக்கு ஆன்ட்டியைப் பிடிக்காமல் போனது.

ஆன்ட்டியின் உலகம் முளைப்பயறு. சமையலறையின் பின்கட்டில் ஒரு கம்பி. அதில் ஐந்தாறு மல்துணி மூட்டைகள் சொட்டிக்கொண்டே தொங்கும். காலையில் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டையாக அவிழ்ப்பார். முதலில் கண்ணால் பார்க்க மாட்டார். மூக்கைத்தான் கொண்டுபோவார். மூச்சை மெல்ல இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு தலையை ஆட்டுவார். பாசிப்பயறு பச்சைப் புல் மாதிரி வாசம் வரவேண்டும் என்பார். வெந்தயம் என்றால் கசப்பு மூக்கிலேயே தெரிய வேண்டும். கொஞ்சம் புளித்தாற்போல இருந்தாலும், பிசுபிசுப்பு தட்டினாலும், யோசிக்காமல் குப்பையில் கொட்டிவிட வேண்டும். இது அவரே எங்களுக்குச் சொன்னது. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, காலையும் மாலையும் துணியோடு அலச வேண்டும் என்பார். வெயில் காலத்தில் பாசிப்பயறு ஒரே பகலில் முளைவிட்டுவிடும். டிசம்பரில் ஹாட் பாக்ஸுக்குள் வைத்தால்தான் கண் திறக்கும். கொண்டைக்கடலைக்கு இரண்டு நாள். காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி முளைவிடும்போது வந்துவிடும், பயறுக்குள் பூட்டிக் கிடக்கிற இரும்புச்சத்தை முளைதான் உடம்புக்குத் திறந்துவிடும், எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது, வயிறு மென்மையானவர்கள் பச்சையாகத் தின்னாமல் ஆவியில் ஒரு கொதி காட்டிக்கொள்ள வேண்டும். படிக்கட்டில் நிற்கவைத்து இதையெல்லாம் சொல்வார். பிற்பாடு மருத்துவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஒன்றையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் அவரை மறப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சொன்னது ஆன்ட்டி, செய்தது யாதம்மா. எட்டு வருடமாக அந்த வீட்டில் சமைத்தவர், மூசாப்பேட்டைப் பக்கத்திலிருந்து நடந்தே வருவார். எங்களோடு பழகி அவருக்குத் தமிழ் புரியும். முளைகட்டிய கொள்ளை அரைத்து ரசம் வைப்பார். கொண்டைக்கடலையில் குருமா. முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து அரைத்துக் கஞ்சி. இவற்றையெல்லாம்விட, முளைவிட்ட பயறை இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து, மேலே வெங்காயமும் சீரகமும் தூவி அவர் ஊற்றிய பெசரட்டு. அதற்குப் பிறகு எத்தனையோ கடைகளில் தின்றிருக்கிறேன், அந்த முறுகல் வரவில்லை. சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஆன்ட்டி, "என் முளை அப்படி" என்பார். உப்புக் கூடிவிட்டது என்றால், "உன் நாக்கு ஓட்டல்ல தின்னு கெட்டுப்போச்சு" என்பார்.

இதுதான் ஆன்ட்டி. அவரிடம் தப்பு என்பதே கிடையாது. மோட்டாரை நிறுத்த மறந்து தண்ணீர் வழிந்தால், மேலே யாரோ குளிக்காமல் இருந்துவிட்டதால் தொட்டி நிறைந்துவிட்டது. கொள்ளு தின்று யாருக்காவது வயிறு ஊதினால், உள்ளே இத்தனை நாள் சேர்ந்த அழுக்கு கிளம்புகிறது. காய்ச்சல் வந்து படுத்தால், "நான் குடுத்தத முழுசா தின்னிருக்க மாட்டே" என்று கட்டில் பக்கத்தில் நின்று சொல்வார். சொல்லிவிட்டுக் கஞ்சியும் கொண்டுவருவார். வாயில் ஊட்டாத குறையாகக் குடிக்கவைப்பார். அதனால் அவரை எதிர்த்துப் பேசவும் வராது.

அவருடைய கணவர் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்துப் பக்கம் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு மென்றார். நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன். அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

எனக்கும்தான். ஆறு மாதம் கழித்து கம்பெனியில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். என் ஹீமோகுளோபின் கணக்கு நன்றாகவே ஏறியிருந்தது. ஆன்ட்டி அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். புதிதாக இடம் கேட்டு வருகிற பெண்களிடம் அதைக் காட்டி, "ஹால்ல உக்காந்திருக்காளே, இவதான்" என்று என்னைக் கூப்பிடுவார். நான் போய் நிற்பேன். கம்பெனி டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அந்த ஆறு மாதமும் நான் ஒருநாள் விடாமல் விழுங்கினேன் என்பதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஜன்னலோரக் கட்டில் எனக்குக் கிடைத்திருக்காது. ஆன்ட்டிக்குப் பிடித்த பெண்ணாக இருப்பதில் வசதிகள் இருந்தன.

என் அறையில் இருந்தவள் ஜெனிபர். நாகர்கோவில்காரி. வாய் ஓயாமல் பேசுவாள். தூங்கினால் எழுப்புவது கஷ்டம். ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். பயிற்சி முடிவில் ஒரு பரீட்சை. தேறினால்தான் வேலை நிலைக்கும். வீட்டில் மூத்தவள், அப்பா இல்லை. பரீட்சை நெருங்க நெருங்க, தலையணைக்கடியில் ஜெபமாலையும் மேலே புத்தகமுமாகக் கிடப்பாள்.

அந்த மே மாதத்தில் காலனிப் பெண்கள் சங்கத்தில் ஆன்ட்டியை முளைப்பயறு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு மாடியிலேயே ஏற்பாடு. ஐம்பது பேர் வருவார்கள் என்று அண்டா நிறையப் பாசிப்பயறு முளைகட்டினார். அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்பார்மர் வெடித்து சனிக்கிழமையிலிருந்தே மின்சாரம் இல்லை. வெயில் தாங்க முடியாமல் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். ஆன்ட்டி குறையில்லாமல் பேசினார். தெலுங்கில், ஹிந்தியில், நடுநடுவே தமிழில். யாரோ ஒரு அம்மாள், எங்கள் வீட்டில் கட்டினால் சீக்கிரம் கெட்டுவிடுகிறதே என்று கேட்டதற்கு, கை சுத்தமாக இருந்தால் கெடாது, தன் கையில் முளைகட்டியது கெட்டதாகச் சரித்திரமே இல்லை என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

அண்டாவில் முக்கால்வாசி மிஞ்சிப்போயிற்று.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொள்ளக் கீழே இறங்கினேன். சமையலறை வாசற்படிக்கு வரும்போதே ஒரு வாடை வந்தது. ஊறிப்போன சாக்கு மாதிரி. யாதம்மா அண்டாவை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எக்கட?" என்று ஆன்ட்டி கேட்டார். எங்கே என்று.

கெட்டுப்போய்விட்டது, கொட்டப் போகிறேன் என்று யாதம்மா சொன்னார்.

ஆன்ட்டி அண்டாவை இறக்கச் சொன்னார். குனிந்து வழக்கம்போல மூக்கைக் கொண்டுபோனார். நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் இருந்தேன். அவர் முகம் சட்டென்று பின்னுக்குப் போனதையும், மூக்கு சுளித்ததையும், உடனே அதை நேராக்கிக்கொண்டதையும் பார்த்தேன். யாதம்மாவும் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. நாலு தண்ணி அலசு. வெங்காயம், மாங்காய் நறுக்கிப்போட்டு எலுமிச்சம்பழம் நல்லாப் பிழி. தாளிக்க வேணாம்."

ஆவியிலாவது வேகவைக்கட்டுமா என்று யாதம்மா கேட்டார். கேஸ் தீர்ந்துபோகிற மாதிரி இருக்கிறது, ஒரு அடுப்பு கணவரின் தோசைக்கு வேண்டும், இத்தனையையும் வேகவைக்க நேரமில்லை என்றார் ஆன்ட்டி. அப்படியும் யாதம்மா நின்றார். "நக்கோ யாதம்மா, அதெல்லாம் வேணாம், சொன்னதச் செய்" என்று ஆன்ட்டி சொன்ன பிறகுதான் அலசப் போனார்.

பிறகு ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். நான் அங்கே இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"உனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல மீட்டிங்குன்னியே. நீ தோசை சாப்பிட்டுப் போ."

தோசை சாப்பிட்டேன். என் பஸ் ஏழரைக்கு. மேலே போனபோது ஜெனிபர் போர்வையைத் தலையோடு மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டி எழுப்பி, கீழே இருக்கிற பயறைத் தொடாதே என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். சொன்னால் யார் சொன்னது என்ற பேச்சு வரும் என்றும் நினைத்தேன்.

மதியத்துக்குள் ஆறு பேர் படுத்துவிட்டார்கள். ஜெனிபரை அவளுடைய கம்பெனி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நிற்க முடியவில்லை. சாயங்காலம் நான் வந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது. ஆன்ட்டிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் வாந்தியெடுத்தபோது பாத்திரத்தை ஏந்திப் பிடித்தார், முகத்தைத் துடைத்துவிட்டார். அருவருப்பு காட்டவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டதற்கு, "இந்தப் பிள்ளைங்க வெளிய பானிபூரி தின்னுடுதுங்க" என்று ஆன்ட்டி சொன்னார். தான் பானிபூரியே தின்பதில்லை என்று ஜெனிபர் முனகினாள். டாக்டர் மற்ற ஐந்து பேரைப் பற்றியும் விசாரித்தார். பிறகு, முளைப்பயறு பச்சையாகச் சாப்பிட்டார்களா, எத்தனை நேரம் வெளியில் இருந்தது என்று கேட்டார். ஆன்ட்டி ஜெனிபரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "சமையல்காரி கை கழுவறதில்ல டாக்டர். நான் எவ்வளவோ சொல்லிட்டேன்" என்றார்.

அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தபோது அவரே அதை முதல்முறையாகக் கேட்பது போல இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் அது உறுதிப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை, மேலே எழுந்து நடக்க முடிந்த எல்லோரையும் ஹாலுக்கு வரச் சொன்னார். யாதம்மா கதவோரம் நின்றிருந்தார். எட்டு வருடப் பழக்கம் என்று தான் இடம் கொடுத்துவிட்டதாகவும், சுத்தமில்லாத கையால் பிள்ளைகள் உயிர் போகப் பார்த்தது என்றும், இனிமேல் வர வேண்டாம் என்றும் ஆன்ட்டி சொன்னார். சத்தம் போடவில்லை. வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார்.

யாதம்மா அழவில்லை. கொட்டத்தான் எடுத்துப் போனேன், அம்மாதான் வேண்டாம் என்றார்கள் என்று தெலுங்கில் ஒரே தடவை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆன்ட்டியும் என்னைப் பார்த்தார்.

"இவளும் அங்கதானே இருந்தா. சொல்லும்மா, நான் அப்படிச் சொன்னேனா?"

எனக்கு வழியே இல்லாமல் போகவில்லை. ஆம் என்று ஒரு சொல். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஹாஸ்டல் தேடியிருக்கலாம். காலனியில் தெருவுக்கு நாலு ஹாஸ்டல் இருந்தது.

"நான் கவனிக்கல ஆன்ட்டி. தண்ணி புடிச்சிட்டு இருந்தேன்."

யாதம்மா தலையை ஆட்டிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனார். கேட்டைச் சாத்தியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. வேலையை விட்டு அனுப்பப்பட்ட வீட்டின் கேட்டைத் திரும்பி நின்று கொக்கி போட்டுவிட்டுப் போனார்.

ஜெனிபர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பரீட்சை மூன்றாவது நாள். மருத்துவச் சான்றிதழைக் கொண்டு போய்க் காட்டினாள். அடுத்த குழுவோடு பார்க்கலாம் என்றார்கள், பிறகு கூப்பிடவே இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது செகந்திராபாத் வரை போய் ஏற்றிவிட்டேன். வண்டி கிளம்ப நேரமிருந்தது.

"ஆமா, நம்ம ரூம்ல நீ மட்டும் எப்பிடித் தப்பிச்ச?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்குத் தோசை சாப்பிட்டேன்."

"ஒனக்கு நல்ல நேரம் பாத்துக்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயில் போகும்வரை விடவில்லை.

நான் அதற்குப் பிறகும் அந்த வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். உடனே போனால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காக. புதுச் சமையல்காரி வந்தாள், பயறு முளைத்தது, ஆன்ட்டி முகர்ந்தார். நான் மட்டும் அதைத் தின்னவில்லை. வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். அவர் வற்புறுத்தவும் இல்லை. எங்களுக்கிடையே அதுதான் ஒப்பந்தம். பேசிக்கொள்ளாமலே செய்துகொண்டது. பின்னால் மாதாப்பூருக்கே மாறினேன். ஒருமுறை மூசாப்பேட்டையில் போய் யாதம்மாவை விசாரித்தேன். பட்டான்செருவில் ஏதோ மருந்துக் கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்குப் போகிறார், வீடும் அந்தப் பக்கம் மாறிவிட்டது என்றார்கள். பட்டான்செரு வரை நான் போகவில்லை. ஷேர் ஆட்டோ இருந்தது, போயிருக்கலாம்.

ஆறேழு வருடங்கள் கழித்து, ஹாஸ்டலில் கூட இருந்த ஒருத்தியின் கல்யாணத்தில் ஆன்ட்டியைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி, குழந்தையும் இருந்தது. அவர் முடி முழுக்க நரைத்திருந்தது, நடை மட்டும் அப்படியே. என்னைக் கண்டதும் அணைத்துக்கொண்டார். சுற்றி நாலைந்து பெண்கள். பேச்சு சாப்பாட்டில் தொடங்கி முளைப்பயறுக்குப் போயிற்று. கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த மே மாதத்துக் கதையை எடுத்தார்.

அவர் சொன்ன கதையில், அன்று காலை அவர்தான் முகர்ந்து பார்த்து, கெட்டுவிட்டது, கொட்டு என்று சொல்கிறார். குளிக்கப் போய்விடுகிறார். யாதம்மா சோம்பேறித்தனத்தில் அதையே பரிமாறிவிடுகிறாள். "அந்தப் பொண்ணு ஜெனிபர், பாவம், என் மடியிலதான் கிடந்தா" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்திருந்தது.

மற்றவர்கள் மணமேடைப் பக்கம் நகர்ந்ததும் சொன்னேன்.

"இல்ல ஆன்ட்டி. யாதம்மா கொட்டத்தான் போனாங்க. நீங்கதான் தடுத்தீங்க. எனக்கு மட்டும் தோசை போடச் சொன்னீங்க. நான் பாத்துட்டு நின்னேன்."

அவர் கோபப்படவில்லை. என்னை, ஒரு கணக்கு ஒத்துவராத முகத்தோடு பார்த்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போலத்தான் கேட்டார்:

"அப்படின்னா நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நான் என் குழந்தையைத் தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தேன். குழந்தை என் கணவரின் தோளில் கண்ணெதிரேதான் இருந்தது.

ஆன்ட்டி என் தோளைத் தட்டினார். "பந்தி போட்டாச்சு. போய்ச் சாப்பிடு" என்றார்.

போய்ச் சாப்பிட்டேன்.